முப்பத்தேழு டிகிரி

டார்ட்டு நகரில் ஜனவரி.
உறைந்த ஆற்றின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள்.
மருத்துவமனையின் பின்கட்டில்
இன்குபேட்டர் கதவைத் திறக்கிறாள் ஹெல்வே.
உள்ளே முப்பத்தேழு டிகிரி.
ஊரிலேயே வெதுவெதுப்பான இடம்
ஓர் அலமாரி அகலம்.

அங்கே வளர்கிறது
வாம்போலாவின் தோல்.
நீராவிக் குளியல் குடில் பற்றிக்கொண்ட இரவில்
தீ மிச்சம் வைத்தது அக்குளைத்தான்.
அதில் ஒரு தபால்தலை அளவு வெட்டி
அனுப்பியிருந்தார்கள்.
பத்தொன்பது நாளில் அது
பதினான்கு குடுவை.
அவன் மேல்மாடியில் மருந்து மயக்கத்தில் கிடக்க
அவனுடைய செல்கள் இங்கே விழித்திருந்தன.

தின்றன.
இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றிவிட்டுப் போனால்
மறுநாள் மஞ்சளாகியிருக்கும்.
சர்க்கரை தீர்ந்து
புளிப்பு மிஞ்சியிருக்கும்.
உயிரோடு இருப்பதென்றால் முதலில்
இருக்கும் தண்ணீரை அழுக்காக்குவது
என்று நினைத்துக்கொள்வாள்.
உறிஞ்சிக் கொட்டுவாள், புதிதாய் ஊற்றுவாள்.
ஞாயிற்றுக்கிழமையும்.
வயிற்றுக்கு ஏது விடுமுறை,
வயிறே இல்லாவிட்டாலும்.

நுண்ணோக்கியில் பார்த்தால்
கூழாங்கல் பாவிய முற்றம்.
இரண்டாகப் போகும் ஒன்று மட்டும்
பக்கத்தில் பற்றியிருந்த கைகளை விட்டு
உருண்டு திரளும்.
இடுப்பு ஒடுங்கும்.
இன்னும் ஒடுங்கும்.
பிறகு இரண்டு.
எது தாய், எது பிள்ளை?
தாய் என்று யாரும் மிஞ்சவில்லை.
சாகவும் இல்லை.

வெற்றிடம் இருக்கும்வரை பரவின.
அண்டையைத் தொட்டதும் நின்றன,
எல்லைக்கல் நடாமல்,
வக்கீல் வைக்காமல்.
அன்று இரவு ஹெல்வே
தன் அக்காவை போனில் அழைத்தாள்,
தோட்டத்து வேலிச் சண்டைக்குப் பின் முதல்முறையாக.
அவள் எடுக்கவில்லை.

இருபதாம் நாள், ஞாயிறு,
மேல்மாடியிலிருந்து அழைப்பு.
தோல் விரிப்புகள் இனி வேண்டாம்.
விடியற்காலை நாலே காலுக்கு.
சிறுநீரகம்.
அவ்வளவுதான் சொன்னாள் செவிலி.

செல்களுக்கு யாரும் சொல்லவில்லை.
கதவைத் திறந்தபோது
பதினான்கு குடுவையும் மஞ்சள்.
ஒன்பதாவதில் ஒரு செல்
அப்போதுதான் இடுப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தது,
அவன் இறந்து
ஐந்து மணி நேரம் கழித்து
அவனாகவே.

விதிப்படி வெளுப்பான் ஊற்ற வேண்டும்.
படிவத்தில் நேரம் எழுத வேண்டும்.
வலப்பக்கம் வெளுப்பான் கேன்.
இடப்பக்கம் இளஞ்சிவப்புப் புட்டி.
கையுறை மாட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

பசியோடு இருப்பதை
வெறும் வயிற்றில் அனுப்பிப் பழக்கமில்லை.
மஞ்சளை உறிஞ்சினாள்.
இளஞ்சிவப்பை ஊற்றினாள்,
ஒன்று முதல் பதினான்கு வரை,
ஒரு துளி சிந்தாமல்.
படிவம் திங்கட்கிழமைக்கு.

கதவை மூடினாள்.
திறந்து வைத்ததில் சூடு இறங்கியிருந்தது.
சிவப்பு எண்கள் மெல்ல ஏறின:
முப்பத்தைந்து.
முப்பத்தாறு.
முப்பத்தாறு புள்ளி எட்டு.
கோட்டை மாட்டிக்கொண்டவள்
போகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.