வாசலில் மான்தோல் செருப்பு

செரோக்கி நாடு, கூசவாட்டி ஆற்றங்கரை, 1836

பீச் மரம் முப்பத்தெட்டு என்றான்,
குதிரையை விட்டு இறங்காமலே.
இறங்கி எண்ணு என்றேன்.
மொழிபெயர்ப்பவன் அதைத்
தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மாற்றியிருக்க வேண்டும்,
தொப்பியைத் தொட்டுத் தலையசைத்து இறங்கினான் குமாஸ்தா.
புளித்த சோளக்கஞ்சி கொடுத்தேன்.
ஒரு வாய். மீதியை
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
என் பூசணிக்கொடியில் ஊற்றினான்.
சலாலி பார்த்தாள்.
ஆறு வயதுக் கண்ணுக்கு எது தப்பும்?

மரவீடு ஒன்று, களிமண் புகைபோக்கி: இத்தனை டாலர்.
சோளக் குதிர்: இத்தனை.
காய்க்கும் மரத்துக்கு ஒரு விலை,
காய்க்காததற்கு வேறு.
விலையைக் கையில் திணித்து எங்களை
மேற்கே, பெரிய நதிக்கும் அப்பால்
அனுப்பப் போகிறார்களாம்.
மூன்று மாரிக்கு முன்
என் கைக்குழந்தையைப் புதைத்த இடத்தில்
கோலை ஊன்றி நின்று
இங்கே ஒன்றுமில்லை என்றான்.
நான் வாய் திறக்கவில்லை.
மொழிபெயர்ப்பவனும் திறக்கவில்லை.

"பெயர்?"
என் கணவனைப் பார்த்துக் கேட்டான்.
தாகசி என்றான் தாகசி,
வெறும் பெயரைத்தான் கேட்கிறான் என்று.
பேனா ஓடியது.
வீடு தாகசிக்கு. வயல் தாகசிக்கு.
என் அம்மா வயிற்றில் என்னோடு குனிந்து நட்ட
அந்தக் கோணல் மரமும் தாகசிக்கு.

எங்களில் வீடு பெண்ணுடையது.
பிள்ளைகள் என் குலம், ஓநாய்க் குலம்.
கண்டிக்கவும் காட்டுக்குக் கூட்டிப்போகவும்
என் தம்பி இருக்கிறான், தாய்மாமன்.
தாகசி பதினொரு வருடம் முன்
ஒரு துப்பாக்கியோடும்
ஒன்றுக்கும் உதவாத ஒரு நாயோடும்
இந்த வாசல் ஏறி வந்தவன்.
நல்லவன். குறட்டை விடுவான்.

உள்ளே போனேன்.
துப்பாக்கி. சேணம். வெடிமருந்துக் கொம்பு.
குளிர்காலக் கம்பளி. ஒரு ஜோடி மான்தோல் செருப்பு.
ஒவ்வொன்றாய்த் தூக்கிவந்து வாசலில் வைத்தேன்.
"இதுதான் அவனுடையது. இதை எழுது.
மற்றதில் என் பெயர்."

குமாஸ்தா சிரித்தான்.
தாகசி சிரிக்கவில்லை,
முகம் சாம்பல் பூத்துவிட்டது.
வேலிக்கு அப்பால் குவேதி
முறத்தைக் கீழே போட்டு வாயைப் பொத்தினாள்.
கணவனின் பொருள் வாசலுக்கு வந்தால்
கல்யாணம் முடிந்தது, எங்கள் வழக்கம் அப்படி,
வேறு பேச்சே வேண்டாம்.
எனக்கே அது அப்போதுதான் உறைத்தது.

அசையும் பொருளை எழுத மாட்டார்களாம்.
அசைக்க வந்தவன் சொன்னான்.
துப்பாக்கி ஏறவில்லை, சேணம் ஏறவில்லை,
என் பெயரும் ஏறவில்லை.
மை உலர ஊதிவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனான்.

இரவு, சலாலி தூங்கியான பிறகு பார்த்தேன்,
செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.
நாயும்.
"நான் போகணுமா?"
"எழுதினது அவன். நீ ஏன் போகணும்?"
"எடுத்து வைத்தது நீ."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
கொஞ்ச நேரம் ஆற்றின் சத்தம்.
"அந்த ஆளைப் பார்த்து எனக்குப் பயமில்லை" என்றான்,
"செருப்பைப் பார்த்ததும்தான்
கால் நடுங்கிவிட்டது."
சிரித்துவிட்டேன். அவனும். நாய் குரைத்தது.

மழை பிடித்துக்கொண்டது.
வெடிமருந்தை முதலில் உள்ளே எறிந்தான்,
பிறகு கம்பளி, துப்பாக்கி, சேணம்.
செருப்பைத் தொடவில்லை.
என்னைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றான்.

நான்தான் எடுத்தேன்.
இடது செருப்பில் நாய் கடித்த பல்தடம்.
அடுப்போரம், என்னுடையதற்கும்
சலாலியுடையதற்கும் நடுவே காயவைத்தேன்.
மூன்று ஜோடியும்
விரல் நுனி கதவைப் பார்க்க.