காற்றுக்குக் கூலி

டர்ஹாம் ஆவணக் காப்பகத்தில்
பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.
தேவாலயக் கணக்குப் புத்தகத்தில்
மெழுகுவர்த்திக்கும் எலிப்பொறிக்கும் நடுவே
என் எள்ளுத்தாத்தா:
"கத்பெர்ட் ரெய்ன். ஆர்கனுக்குக் காற்று.
காலாண்டுக்கு ஐந்து ஷில்லிங்."

ஆறு நாள் நிலக்கரிச் சுரங்கத்துக் கொல்லுலையில்
மட்டக்குதிரை லாடங்களுக்காகத் துருத்தி.
ஏழாம் நாள் பச்சைத் திரைக்குப் பின்னால்
கர்த்தருக்காகத் துருத்தி.
அதே தோள்.
சட்டை மட்டும் வெளுத்தது.

ஒரு நவம்பரில் கீழ்த்தளம் வெடித்தது.
பதினொரு பெட்டிகள்;
இரண்டு மிகச் சிறியவை.
"தேவ சித்தம்" என்றார் குருவானவர்.
முதல் வரிசையில் சுரங்க முதலாளி
மெல்லத் தலையசைத்தார்.
அடுத்த பாட்டின் இரண்டாம் அடியில்
ஆர்கன் முனகியது, இழுத்தது,
சினை மாடு போலப்
படுத்தேவிட்டது.

யார் திரும்பிப் பார்த்தார்கள்,
அவர் எந்தக் கதவால் வெளியேறினார்,
எதுவும் இல்லை.
கணக்கில் ஒரே வரி:
"காற்று நின்றது. அபராதம் ஆறு பென்ஸ்."
கட்டியதாகக் குறிப்பில்லை.

அடுத்த காலாண்டில் வேறொரு பெயர்,
கூலி ஆறு ஷில்லிங்.
எலிப்பொறி வழக்கம்போல.

அந்த ஆறு பென்ஸ்
இப்போது யார் பெயரில் நிற்கிறது என்று
மேசையிலிருந்த பெண்ணிடம் கேட்டேன்.
மூடும் நேரம் என்றாள்,
பென்சிலைக் கேட்டுக் கை நீட்டினாள்.