இரண்டாம் கையெழுத்து

லிமாவில் மழை பெய்வதில்லை.
பனியா தூறலா என்று தீர்மானிக்காத ஒன்று
சன்னலில் வழிந்துகொண்டே இருக்கும்.
அப்படியொரு இரவில், ஒன்று நாற்பதுக்கு,
அரசிதழ் அச்சகத்துக்கு அந்தக் காகிதம் வந்தது.
கொண்டுவந்த கேப்டனின் தோளில் ஈரமில்லை.
வாசல்வரை காரில் வந்திருக்கிறான்.

நான் பிழை திருத்துபவள்.
எர்மெலிந்தா உவார்காயா, இரவுப்பணி, பத்தொன்பது வருடம்.
என் கவலை புள்ளியும் காற்புள்ளியும்.
நாட்டைத் திருத்த எனக்குச் சம்பளமில்லை.

நெருக்கடி நிலை. உடனடி அமல்.
வீடு புக வாரண்ட் வேண்டாம்.
நாலு பேர் கூடி நிற்கக் கூடாது.
(அச்சகத்தில் நாங்கள் ஐந்து பேர்.)
எத்தனை நாள் என்ற இடத்தில்
சாசனம் அறுபது என்கிறது,
காகிதம் தேவைப்படும்வரை என்றது.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
பழக்க தோஷம்.

பிறகுதான் அடியைப் பார்த்தேன்.
அதிபரின் கையெழுத்து
தன் கோட்டைத் தாண்டித் தாளின் விளிம்புவரை ஓடியிருந்தது.
அதன் கீழே மந்திரிக்கென்று இன்னொரு கோடு.
கோட்டின் மேல் யாருமில்லை.

"இது செல்லாது" என்றேன்.
மந்திரி ஒருவர் கூட ஒப்பமிடாத எதுவும் செல்லாது.
சாசனத்தில் அது ஒற்றை வரி,
மறுபதிப்பில் ஒருமுறை விடுபட்டுப்போக
நான்தான் கண்டுபிடித்துச் சேர்த்தேன்.

"செனோரா, இது அவசரம்."
"அவசரத்துக்குத்தான் அந்த வரியே."
குரல் நடுங்கியது. வீரம் என்று எழுதிவிடாதீர்கள்.
எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது.

கேப்டன் மந்திரிக்குப் போன் போட்டான்.
எடுத்தது மனைவி.
அவர் தூங்குகிறார். எழுப்ப வேண்டாமென்று
இப்போதுதான் சொல்லிவிட்டுத் தூங்குகிறார்.
பின்னால் யாரோ இருமியது
எங்கள் ஐந்து பேருக்கும் கேட்டது.
அடுத்த மந்திரி ஊரிலில்லை.
மூன்றாமவர் பேனாவைத் தேடுவதாகச் சொன்னார்,
தேடிக்கொண்டே இருந்தார்.

கையெழுத்தில்லாத ஒரு தலையெழுத்தை
எந்த மையில் அடிப்பது?
எந்திரம் சூடேறி, காத்திருந்து, ஆறியது.
எஸ்தானிஸ்லாவோ உருளையைத் துடைக்கத் தொடங்கினான்,
யாரும் துடைக்கச் சொல்லாமலே.

ஐந்தரைக்கு இதழ் வெளிவந்தது.
மூன்றாம் பக்கத்தில் கயாவோ துறைமுகத்தின்
மீன்மாவு ஏல அறிவிப்பு
கல்யாணப் பத்திரிகை போலப் பெரிய எழுத்தில்.
இடத்தை நிரப்ப வேண்டுமே.

கேப்டன் காகிதத்தை மடித்து எடுத்துப் போனான்.
நாளைக்கும் இரவு உண்டு,
பத்தொன்பது மந்திரிகள் உண்டு,
ஒருவருக்காவது பேனா கிடைத்துவிடும்.

பஸ்ஸில் தூங்கிப்போய்
இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.
தெருமுனை ரொட்டிக் கடையில்
ஏழெட்டுப் பேர் கூடி நின்று
விலையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
நானும் போய் நின்றேன்.