காலி எடை

வெள்ளகோயில் முத்தூர் ரோட்டில்
எடைமேடைச் சீட்டுப் போடுகிறேன், மூன்று வருடமாக.
கொப்பரை, பருத்திக்கொட்டை, கோழித் தீவனம்.
பாரத்தோடு ஒருதரம் ஏறும் லாரி
இறக்கிவிட்டு வந்து வெறுமனே ஒருதரம்.
இடையில் உள்ளதற்குத்தான் காசு.

மனுசருக்கு ஆன மேடை அல்ல இது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
நேற்று கடைசி வண்டி போனபின்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
வெளியே தொங்கும் பெட்டியில்
சிவப்பாக, அறுபது.

பதினாறில் எழுபத்திரண்டு.
நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளி,
நாலரைக்கு மணி, பதினொன்று வரை வேதியியல்,
உட்கார்ந்த இடத்துக்கே முட்டையும் முறுக்கும் வரும்.
பார்க்க வரும் ஞாயிறுகளில்
ஊசியைப் பல்லில் கடித்தபடி
சுடிதாரின் பக்கத் தையலைப் பிரித்துவிடுவாள் அம்மா.
பிரிக்கத் துணி இல்லாத ஞாயிறும் வந்தது.

மருத்துவ முகாமில் பி.டி. டீச்சர்
எண்ணை உரக்கப் படித்தார்.
எழுத ஒருத்தி இருந்தாள்.
எழுதாமலே மனப்பாடம் செய்தவர்கள் முப்பது பேர்.
சமன்பாடுகளை எல்லாம் மறந்திருப்பார்கள் இந்நேரம்.

பத்தொன்பதில் நாற்பத்தாறு.
கோவையில் அறையெடுத்துத் தங்கிய காலம்.
ஒரு தோசையைப் பாதியாக்கி
பாதியை மறுபடி மடித்து
கூடத் தங்கியிருந்த தாமரைச்செல்வி தட்டுக்குத் தள்ளுவேன்.
சீப்போடு முடி வந்தது.
நாலு மாதம் தூரம் வரவில்லை;
யாரிடமும் சொல்லவில்லை.
அந்தக் கோலத்தில்தான் ஒரு சீர் வீட்டில்
பெருந்துறைப் பெரியம்மா கன்னத்தை வழித்துச் சொன்னாள்:
"இப்பத்தான் அம்மிணி லட்சணமா இருக்கற."

போன வைகாசியில் அதே பெரியம்மா,
அதே கை:
"ஏங் கண்ணு, மறுக்காச் சதை போட்டுட்டயாட்ட இருக்குது?"
"ஆமாங்க" என்றேன்.
பந்தியில் எனக்கு அடுத்த இலை அவளுடையது.
இரண்டாம்தரம் பாயசம் கேட்டு வாங்கினேன்,
அவள் பார்க்க.

நேற்று மதியம் மயிலானந்தன் சண்டைக்கு வந்தார்,
கையில் இரண்டு சீட்டு.
"போன வாரம் காலி வண்டி ஏழு நானூறு.
இன்னிக்கு ஏழு ஐநூத்தி முப்பது.
என்ற வண்டிதானுங்களே ரெண்டும்?"

டீசல் ரொப்பியிருப்பீங்க, என்றேன்.
தார்ப்பாய் நனைஞ்சிருக்குது.
டயர்ல செம்மண்ணு.
உள்ள கிளீனர் தூங்கறானுங்களே, அவனை எறக்கலை.
மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.
எனக்கே கொஞ்சநேரம் கழித்துத்தான் உறைத்தது
என்ன சொன்னேன் என்று.

மேடைமேல் ஒரு குதி குதித்தேன்.
நூற்று இருபது. எண்பது. அறுபது.
காற்றாலைப் பக்கமிருந்து வந்த காற்றில்
தகரம் படபடத்தது. யாரும் இல்லை.

உள்ளே வந்து சீட்டு அடிக்க உட்கார்ந்தேன்.
வண்டி எண் கேட்டது;
ஸ்கூட்டி நம்பரைக் கொடுத்தேன்.
சரக்கு என்ற கட்டத்தை
வெறுமனே விட்டால் அச்சாகாது.
'இதர' என்று போட்டு
எண்பது ரூபாயைக் கல்லாவில் வைத்தேன்.