கையைப் பார்

முகத்தைப் பார்க்காதையுங்கோ சவிரியண்ணை,
முகம் பொய் சொல்லும், கையைப் பாருங்கோ என்பான்.
முன் சீற்றில், எனக்கு இடப்பக்கம்,
துவக்குக்கு மேல் ஐயாவின் மருந்துப் பையை வைத்துக்கொண்டு.

நெடுங்கேணிப் பெடியன். குகநேசன்.
பாலைப்பழக் காலத்தில் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவன்.
ஐயா தேர்தலில் வென்ற வருஷம்
தகப்பன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்,
அரைச் சாக்கு உளுந்தோடு.

ஒன்பது வருஷம்
ஐயாவின் தேத்தண்ணியில் முதல் மிடறு அவனுடையது.
சீனியில்லாத தேத்தண்ணி.
முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பான்.
ஐயாவின் கதவடியில் அவன் பாய்.
ஐயா இருமினால் இவன் எழும்புவான்.
இவன் இருமினால் உள்ளிருந்து குரல் வரும்:
குகன், மல்லி அவிச்சுக் குடிச்சனியோ?

ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில்
ஒவ்வொரு மதகிலும் ஒருக்கால் ஐயாவைக் கொன்று பார்ப்பான்.
இதில நிண்டு சுட்டால் கண்ணாடிக்குள்ளால போகும்.
அந்த வீரைக்குப் பின்னால இருந்தால் ஆரும் காணேலாது.
கொல்ல வாறவன் என்ன யோசிப்பான் எண்டு
அவனுக்கு முந்தி நான் யோசிக்கோணும் அண்ணை.
பின் சீற்றிலிருந்து ஐயா கேட்பார்:
இண்டைக்கு எத்தினை தரமடா செத்தனான்?
பதினொண்டு, ஐயா.

அந்தக் கணக்கு எப்போது மாறியதோ எனக்குத் தெரியாது.
அவன் தம்பி காட்டுக்குப் போயிருந்தான்,
அது எல்லாருக்கும் தெரியும்.
சித்திரையில் நாலு நாள் லீவு கேட்டு ஊருக்குப் போனவன்
பத்தாம் நாள் வந்தான். மெலிந்திருந்தான்.
அதன் பிறகு மதகுகளில் வாய் திறக்கவில்லை.
ஐயாதான் ஒருமுறை கேட்டார், இண்டைக்கு எத்தினை?
இவன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான்.
இண்டைக்கு இல்லை, ஐயா.
மூன்று பேரும் சிரித்தோம்.

ஐப்பசி மழை.
மாங்குளத்தில் சங்கக்கடைக்கு முன்னால் காரை நிறுத்தினேன்.
இறங்கினான். சுற்றி வந்தான். குடையை விரித்தான்.
கதவைத் திறக்கமுதல்
ஐயாவின் செருப்பில் சேறு படக்கூடாதென்று
ஒரு பலகைத் துண்டைக் காலால் இழுத்துப் போட்டான்.
அதற்குப் பிறகுதான் சுட்டான்.
இரண்டு வெடி.
குடையை மடக்காமல் ஐயாவின் முகத்துக்கு மேல் சரித்துவிட்டு
வீதியைக் கடந்து பற்றைக்குள் இறங்கினான்.
ஓடவில்லை.

விசாரணையில் கேட்டார்கள், அண்டைக்குக் காலமை
அவன்ர முகம் எப்பிடி இருந்தது?
நான் பலகைத் துண்டைப் பற்றிச் சொன்னேன்.
அதை எழுதவில்லை.

பிறகு கேள்விப்பட்டது:
உள்ளே வேறொரு பெரியவருக்குக் காவலாம் அவன்.
அந்தப் பெரியவர்
எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாரோ.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, செட்டிகுளம் முகாம்.
தண்ணீர் பவுசர் ஓடிக்கொண்டிருந்தேன்.
முட்கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசை
கூடாரங்களைச் சுற்றி வளைந்து போனது.
மஞ்சள் கலனோடு ஒருவன்.
தாடி நரைத்து, ஒரு காது பாதி இல்லாமல்,
எலும்பில் சேர்ட் தொங்க.
வரிசையில் நின்றவர்களின் கைகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.
அப்படித்தான் பிடித்தேன்.

அவன் முறை வந்தது.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
என் கையில் தண்ணீர்க் குழாய்.
எனக்குப் பின்னால் மூன்றடியில் ஆமிக்காரன்,
ஒரு சொல் போதும் அவனுக்கு,
சிங்களத்தில் அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

கலன் நிறைந்தது.
நிறைந்து வழிந்து அவன் காலைச் சேறாக்கியது.
நான் குழாயை எடுக்கவில்லை.
அவன் கலனைத் தூக்கவில்லை.

பின்னால் நின்ற பெண்ணொருத்தி கத்தினாள்:
அண்ணை, தண்ணி வீணாப் போகுது.