ஜீப் போன பிறகு

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
குறைவு, நடுத்தரம், அதிகம்.
பேனாவைத் திறக்காமல்
முதலில் ஃபேனைக் கூட்டினேன்.
முழுக்கைச் சட்டை. கம்பத்தில், சித்திரையில்.

பெயர் மொக்கராசு. குலசாமி பெயர்.
வகுப்பில் அதன் முன்பாதியை மட்டும்
வைத்துக்கொண்டார்கள்.

"மரத்துப்போற ஊசி ஒனக்கு எதுக்கு,
ஒனக்குத்தான் வலிக்காதேன்னாங்க"
பஸ் தாமதம் என்பதுபோலச் சொன்னான்.
எழுந்து கட்டுப்போடும் அறைக்குப் போனேன்.
அங்கே பேசியதை இங்கே எழுதப்போவதில்லை.
"ஊசி போட்டுத்தான் தைப்பாங்க" என்றேன்
திரும்பி வந்து.

கேட்கக் கூடாது என்பார்கள்,
கேட்டால் நினைப்பை விதைத்ததாகிவிடுமாம்.
கேட்டேன்.
சாகணும்னு இருந்துச்சா?
"இல்ல."
ஃபேன் சுற்றியது.
"ஒரு தடவ இருந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடி.
அது வேற, இது வேற."
இதுவரை எல்லாரும் கேட்டது
ஏன்டா என்று மட்டும்தானாம்.

வெளியே பெஞ்சில் ஒச்சம்மாள்,
விரல் நுனிகளில் ஏலக்காய்க் கறை.
போன கூலிக்கும் சேர்த்து அழுகிறாள்.
அவளிடம் எதைச் சொல்லலாம் என்று
அவனையே கேட்டேன்.
"பொங்கலத் தவிர எல்லாம்."
பொங்கலையும் சொல்லித்தான் ஆகணும் என்றேன்.
நெடுநேரம் தரையைப் பார்த்தான்.
"அப்ப நீங்க சொல்லுங்க.
நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

எந்த நேரம் ரொம்ப மோசம்?
"ஜீப் போன பிறகு."
விடியுமுன் தோட்டத்துக்கு ஆளேற்றி
கம்பம்மெட்டு ஏறும் வண்டிகள்.
மொட்டைமாடியில் நின்று விளக்குகளை எண்ணுவான்.
ஏதோ ஒரு வளைவில் அம்மாவின் விளக்கு
கேரளாவுக்குள் போய்விடும்.
பிறகு பள்ளி மணிவரைக்கும்
வீட்டில் அவனும் அந்த நேரமும்.

ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதினோம்.
முதல் வரி: விளக்கு எண்ணுவது.
இரண்டாவது, நான் சொன்ன மூச்சுப் பயிற்சி;
மரியாதைக்கு எழுதிவிட்டு அடித்தான்.
வீட்டில் எதையெல்லாம் எடுத்து வைக்கணும் என்று
அம்மாவிடம் அவனே சொல்வதாக ஒரு வரி.
என் போன் நம்பர். ராத்திரிக்கு வேறொரு நம்பர்.
அதற்கப்புறம் வெறும் தாள்.
எழுந்துபோகும்போதுதான் சொன்னான்:
"இலியாஸ் அஞ்சு மணிக்குப் பால் ஊத்தப் போவான்,
சைக்கிள்ல."
உட்கார், அதை எழுது.

மூன்று கட்டங்களில் எதிலும் குறியிடவில்லை.
பெரிய டாக்டர் கேட்டார்.
சீட்டின் நகலைக் காட்டினேன்.
அவருக்குத் திருப்தியில்லை.
எனக்கும் அன்றிரவு தூக்கமில்லை.

வியாழன் வரச் சொன்னேன், வெள்ளி வந்தான்.
முழுக்கைச் சட்டைதான்.
"செவ்வாக்கெழம ஒரு தடவ" என்றான்
உட்காருமுன்பே,
என் முகத்தில் என்ன வரப்போகிறதென்று
பார்த்துக்கொண்டு.
கட்டைப் பார்க்கலாமா என்றேன்.
நீட்டினான்.

பாதி அவிழ்த்திருப்பேன்.
"இலியாஸ் பால்ல தண்ணி கலக்குறான் மேடம்.
சொசைட்டில கண்டுபிடிக்கிற மிஷின் வந்திருக்காம்.
நாளைக்கு அவன்கிட்டச் சொல்லணும்."