இடக்கை நகங்கள்

கைப்பேசி பழுதுபார்க்கிற மேசையைத் துடைத்துவிட்டு
விள்கின் அதை வைத்தான்:
மரப்பெட்டி, சாப்பாட்டுத் தட்டின் அகலம்,
மேலே பன்னிரண்டு பொத்தான்கள்.
பிடி எங்கே என்றேன்.
பிடியே கிடையாது யோகாஸ்தா என்றான்,
பிள்ளை பெற்றவன் மாதிரி சிரித்துக்கொண்டு.

பதினோரு வருஷமாகப் பிடியைப் பிடித்த கை இது.
லோஸ் மினாவில் என் இடக்கையைத் தெரியாதவர் குறைவு.
ஐந்து நகமும் நீளம், வாரத்துக்கு ஒரு வண்ணம்,
இந்த வாரம் மாம்பழ மஞ்சள், நுனியில் கறுப்பு.
நகம் தீட்டுவது என் பிழைப்பு.
விலைப்பட்டியலை யாரும் படிப்பதில்லை,
இடக்கையைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள்.
வலக்கை அடிக்கிற கை. ஒட்ட வெட்டியிருக்கும்.
கேட்பவர்களிடம் கிதார் வாசிப்பேன் என்பேன்.
ஒருத்தி மட்டும் யோசித்துச் சொன்னாள்,
கிதார்காரிக்கு நகம் அந்தக் கையில் அல்லவா வளரும்?

பின்னால் போக ஒன்று, முன்னால் போக ஒன்று,
நடுவிலிருப்பது குனிய.
குதிக்க?
கீழே, அதோ பெரியது, கட்டைவிரலுக்கு.
மேலே போவதற்குக் கீழே அழுத்தணுமா?
ஆமாம் என்றான். கூச்சமே இல்லாமல்.

ஃப்ரெய்லின் மோட்டார்சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு
தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தான்.
ஒரு சவாரி காத்திருக்கிறது, சீக்கிரம் தோற்றுப்போ என்றான்.

என் இடக்கை காற்றைப் பிடித்துத் திருகியது.
திரையில் என் வீராங்கனை
பேருந்துக்கு நிற்பவள் மாதிரி நின்று
உதை வாங்கினாள்.
மஞ்சள் நகம் சறுக்கிப் பக்கத்துப் பொத்தானையும் தொட்டது.
முன்னும் பின்னும் சேர்ந்து அமுங்கினால்
அவள் எங்கும் போவதில்லை.
நியாயம்தான். நானும் போவதில்லை.

தீப்பந்து எறிய வேண்டும் என்றால்:
குனி.
குனிந்தபடியே முன்.
குனிந்ததை விடு.
அடி.
அந்த மூன்றாவதில்தான் கை முரண்டு பிடித்தது.
பிடியை விட்டால் அதுவாக நடுவுக்கு வந்துவிடும்,
விடுவதை யாரும் ஒரு வேலையாக எனக்குத் தந்ததில்லை.

இரண்டு ஆட்டம் போயிற்று. மூன்றாவதில் மின்சாரம் போயிற்று.
வெளியே டாமினோ ஆடியவர்கள் மின்வாரியத்தின்
தாயையும் தாயின் தாயையும் விசாரித்தார்கள்.
ஃப்ரெய்லினின் சவாரி அவனைத் திட்டிவிட்டு நடந்தே போனது.

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
திரை இல்லை, எதிரி இல்லை, பொத்தான்கள் மட்டும்.
டிக், டிக், ஒன்றுமில்லை, டிக்.
இல்லை என்றான் விள்கின் இருட்டிலிருந்து.
டிக், டிக், ஒன்றுமில்லை, டிக்.
இல்லை. ரொம்ப நேரம் குனிகிறாய்.
அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.
நகம்தான் தடை. இருவருக்கும் தெரிந்தது.
அவன் சொல்லவில்லை.

கம்பி வெட்டுகிறதைக் கொடு என்றேன்.
கைப்பேசி வெளிச்சத்தில்
ஆள்காட்டி, நடு, மோதிர விரல்.
மூன்று மஞ்சள் துண்டுகள்
திருகாணிகளுக்கு நடுவே விழுந்து உருண்டன.
திங்கட்கிழமை ஐந்து பேர் வருவதாக இருக்கிறது எனக்கு.
ஃப்ரெய்லின் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

எத்தனை முறை அழுத்தினேனோ, எண்ணவில்லை.
ஒருமுறை விள்கின் ஒன்றும் சொல்லாமல் இருந்தான்.
அடுத்த முறையும்.

விளக்கு வந்துடுச்சு! என்று தெரு முழுக்கக் கத்தியது.
திரை நீலமாகி, கறுத்து, எங்களைத் திரும்பக் கண்டுபிடித்தது.
குனிந்தேன், முன், விட்டேன், அடித்தேன்,
என் கையிலிருந்து நெருப்பு போயிற்று,
நேராக, உருண்டையாக, நான் எறிந்ததிலேயே அழகாக.

ஃப்ரெய்லின் அதைத் தாண்டிக் குதித்து
என் தலையில் இறங்கினான்.

விலை எவ்வளவு என்று கேட்டேன்.
விள்கின் என் கையைப் பார்த்தான்.
சுண்டுவிரலில் மஞ்சள் மிச்சம், பொத்தான் பக்கம் அதற்கு வேலையில்லை.
கட்டைவிரலிலும் மிச்சம்.
கம்பி வெட்டுகிறதை
அவன் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.